முதல் மடக்கு என்னுடையது

சங்கர்,

உன் அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து போகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு நீயும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாய். அப்பாவின் கூடப்பிறந்த உன் அத்தை முன்னால் போனாள், நீ பின்னால். ஓசூர் வேலையில் இன்னும் லீவு நீட்டித் தரமாட்டார்கள் என்று காலையிலேயே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்ததால் நீ கிளம்புவது எனக்குத் தெரியும். ஆனால் நீ இந்த வீட்டுப் பிள்ளை, சொல்லிக்கொண்டு போகலாம். வாசலில் நின்றேன். நீயும் துட்டி கேட்க வந்த ஆளைப் போலவே என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாய்.

பிறகு உன் கட்டிலைத் தட்டிப் போடப் போனேன். தலையணை மேல் அந்தப் பொட்டலம் இருந்தது. எலுமிச்சை இலை, துளசி, கொஞ்சம் தட்டிய சுக்கு. நிழலில் காயவைத்து, முந்தின நாள் உன் பையில் சட்டைகளுக்கு நடுவே நான் வைத்தது. ஓசூரில் குளிர் அதிகம் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். கோபத்தில் நீ அதைத் தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது. நசுங்காமல், பிரியாமல், தொடப் பயந்தவன் இரண்டு விரலால் எடுத்து வைத்தது மாதிரி வைத்திருந்தாய்.

உன் போனுக்கு நான் அனுப்பும் எதையும் நீ திறப்பதில்லை. தபாலில் அனுப்பினாலும் பிரிக்கமாட்டாய் என்று தோன்றியது. அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் பேசுவேனே தவிர, பெரியவர்கள் கூடி நின்றால் எனக்கு வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும். அது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் இதை வெளியே எழுதுகிறேன் என்றால், எவ்வளவு யோசித்திருப்பேன் என்று பார்த்துக்கொள். உன் அப்பாவுக்கு நான் இடுமருந்து வைத்ததாக நீ நம்புகிறாய். உன் வாயால் ஒருமுறைகூட நீ அதைச் சொன்னதில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஆறாம் வகுப்பு. உன்னைப் பெற்றவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பனவடலிசத்திரம் பக்கத்தில் கூலிவேலை செய்கிற குடும்பத்தில், காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். தாவரவியல் படித்திருந்தேன். நகை போட வழியில்லாததால் இரண்டாம் தாரமாக வந்தேன். இருபத்தைந்து வயதில் எனக்கு இவ்வளவு பெரிய மகன். உன் அப்பா புளியங்குடி கமிஷன் கடைகளிலிருந்து லோடு ஆட்டோவில் எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மூட்டை இறக்கிய பிறகு வண்டித் தட்டில் காம்பும் இலையுமாகக் கிடக்கும். அவர் அதைக் கூட்டித் தெருவில் தள்ளப்போனபோது, நான் போய் நல்ல இலைகளாகப் பொறுக்கிக்கொண்டேன். கழுவி, நரம்பைக் கிள்ளிவிட்டு, கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பால் வாங்க முடியாத காலத்தில் அம்மா இப்படித்தான் கிடைத்த இலையைப் போட்டுத் தருவாள். உன் அப்பா குடித்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏலே, இது டீ இல்ல. சுடுதண்ணிக்குச் சட்ட போட்டுவிட்டுருக்கா ஒன் சித்தி." சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து வண்டியை நிறுத்தியதும் அவரே இலையைப் பொறுக்கி ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார்.

நீ என் கையால் எதையும் வாங்கமாட்டாய். அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவாய், தாகம் எடுத்தால் தெருக்குழாயில் வாய் வைத்துக் குடிப்பாய். வெட்கப்படுகிறாய் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "அவ எலையும் தழையும் அவிச்சு ஒங்க அப்பனுக்கு ஊத்துதா. ஆள மயக்கி வச்சிருக்கா. நீ அவ கையால பச்சத்தண்ணி வாங்கிராத." சோற்றிலோ குடிக்கிறதிலோ இடுமருந்து என்று வசியப் பொருளைக் கலந்து கொடுத்தால் ஆண் அடங்கிக் கிடப்பான், நாளடைவில் அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளையே தின்றுவிடும் என்று நம் பக்கத்தில் நம்புகிறவர்கள் நிறைய. புதிதாக வந்த மருமகள், இரண்டாவது மனைவி, வேறு ஊர்க்காரி, யார் மேலும் இந்தப் பேச்சு விழும். எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. தாய் இல்லாத பிள்ளை எச்சரிக்கையாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மழைநாள். உனக்குச் சளிக் காய்ச்சல். அப்பா லோடுக்குப் போயிருந்தார், அத்தையும் ஊரில் இல்லை. மாத்திரையை உன் பக்கத்தில் வைத்துவிட்டு, துளசியும் இஞ்சியும் போட்டு ஒரு டம்ளர் கொண்டுவந்தேன். இருமிக்கொண்டே அதையே பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "நீங்க மொதல்ல குடிங்க."

உதட்டில் வைத்துக் குடித்தால் எச்சிலாகிவிடும், அதைச் சாக்காக வைத்து நீ வேண்டாம் என்றுவிடுவாய். அதனால் தலையை அண்ணாந்து, உயரத் தூக்கி ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. நாக்கு வெந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்தது. காட்டிக்கொள்ளாமல் விழுங்கிவிட்டு உன்னிடம் நீட்டினேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று. அப்புறம் வாங்கிக் குடித்தாய். முழு டம்ளரையும் குடித்தாய்.

அன்றிலிருந்து அது நம் இருவருக்கும் நடுவே ஒரு முறையாகிவிட்டது. முதல் மடக்கு என்னுடையது, மீதி உன்னுடையது. எப்போது பயம் போய் விளையாட்டாக மாறியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பாலிடெக்னிக் படிக்கும்போது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "சித்தி, செக் பண்ணியாச்சா?" என்று கையை நீட்டுவாய். "பண்ணியாச்சு, உயிரோடத்தான் இருக்கேன்" என்பேன். உன் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். மீசை முளைத்த பிறகும் நீ அந்த முதல் மடக்கை எனக்கு விட்டுவைத்தாய். நான் பெற்ற பிள்ளை என்று யாரையும் சொல்லிக்கொள்ள எனக்கு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருஷங்களில் நாம் குடித்ததை நினைத்துப் பார்க்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் துளசி. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வயிறு கனமாக இருக்கிறது என்று நீ புரளும்போது சீரகமும் ஓமமும். வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வருகிற அப்பாவுக்குச் செம்பருத்தி இதழ். போட்டதும் தண்ணீர் ஊதாவாகும், எலுமிச்சை பிழிந்தால் சிவந்துவிடும். அந்த நிறம் மாறுவதைப் பார்க்கவே நீ அடுப்படிக்கு வருவாய். எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் ஆவாரம்பூ பூத்தால் அம்மா ஒரு துணியில் கட்டிக் கொடுத்துவிடுவாள், அதையும் காயவைத்துப் போட்டிருக்கிறேன். இதெல்லாம் என்ன நோயைத் தீர்க்கும் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் கேட்பார்கள். எந்த நோயையும் தீர்க்காது என்றுதான் சொல்வேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், வயிறு லேசாகும், பால் டீயைப் போல நெஞ்சைக் கரிக்காது, தூக்கத்தைக் கெடுக்காது. முக்கியமாக, இலை இறங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தவிர வேறு பலனை நான் எதிர்பார்த்ததில்லை.

இந்த வருஷம் சித்திரையில் உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது என்பார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. எனக்கு உள்ளுக்குள் என்னவோ சரியில்லை என்று பட்டது. திருநெல்வேலிக்குப் போய் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். நீ அப்போது ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்தாய். அத்தை நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னாள்: "இது ஆஸ்பத்திரி சீக்கு இல்ல. உள்ள கெடக்கு. எடுத்தாத்தான் போவும்." அவள் அப்படிச் சொன்னபோது நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். அன்று சாயங்காலம் நான் தேநீர் ஊற்றி, வழக்கம்போல அண்ணாந்து குடித்துவிட்டு நீட்டினேன். "இப்ப வேண்டாம் சித்தி" என்றாய். குரலில் விளையாட்டு இல்லை.

மலையடிவாரத்தில் இடுமருந்து எடுக்கிற ஆளிடம் அப்பாவைக் கூட்டிப்போவது என்று நீயும் அத்தையும் முடிவு செய்தீர்கள். அவர் ஏன் சம்மதித்தார் என்று உனக்குத் தெரியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன். முந்தின நாள் நான் அவரிடம் அழுதேன், படித்த என் பேச்சைக் கேட்கக்கூடாதா என்றேன். அவர் சொன்னார்: "எனக்கு அதுல நம்பிக்க இல்லடி. ஒண்ணும் வராது பாரு. வெறுங்கையோட திரும்புவோம். அவன் கண்ணால பாத்தாத்தான் ஒம் மேல உள்ள சந்தேகம் போவும். நாளப்பின்ன நான் இல்லாமப் போனாலும் ஒன்னைய அவன்தானே பாக்கணும். இது முடியட்டும், மறுநாளே நீ சொல்லுத ஆஸ்பத்திரிக்கு வாரேன்." சங்கர், வயிற்றில் இருந்ததை எடுக்க அவர் அங்கே போகவில்லை. உன் மனதில் இருந்ததை எடுக்கப் போனார். எதுவும் வராவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அப்படிப்பட்ட இடங்களில் யாருக்கும் எதுவும் வராமல் இருப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நீங்கள் திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த ஆள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, முடியும் இலையுமாக ஓர் உருண்டையை வெற்றிலையில் துப்பிக் காட்டியிருக்கிறான். வீட்டுப் பெண் கையால் விழுந்தது என்றும் சொல்லியிருக்கிறான். அத்தை அதை வாசலில் நின்று தெருவுக்கே சொன்னாள். அப்பா என்னிடம் சொன்னது வேறு. அந்த உருண்டை அவன் கன்னத்துக்குள் முன்பே அதக்கி வைத்திருந்தது, குழலை வைக்கும் முன்னாலேயே வாய் உப்பியிருந்தது, நான் பார்த்தேன் என்றார். மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன். மருந்து உள்ள இருக்கவன் அத வச்சவளுக்குத்தான் பரிஞ்சி பேசுவானாம். அந்தாளு மொதல்லயே அவன்ட்ட சொல்லி வச்சிட்டான்." சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. தன் மகனிடமே தன் பேச்சு எடுபடாத நிலைக்கு வந்துவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த ஆள் சொல்ல, மறுபடியும் போனீர்கள். பத்தியச் சோறு அத்தை வீட்டிலிருந்து வந்தது. என்னை அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். வாரங்கள் போயின. அவர் ரத்தமாக வாந்தி எடுத்த அன்று நீதான் அவரைத் தூக்கி அவருடைய வண்டியிலேயே படுக்கவைத்து, திருநெல்வேலி வரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓட்டிப்போனாய். பின்னால் அவர் தலையை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தேன். உன்னை விட அவரை யாரும் அதிகமாக நேசிக்கவில்லை என்பதை அன்று பார்த்தேன். அதனால் நீ செய்த எதையும் என்னால் குற்றம் என்று சொல்ல முடியாது.

இரைப்பையில் புற்றுநோய் என்றார் டாக்டர், பரவிவிட்டது என்றார். நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இலைத் தேநீர் குடித்தால் இப்படி வருமா என்று. நானேதான் கேட்டேன், சங்கர். ஊரே சொல்லச் சொல்ல, நான் ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் என் மனதில் வந்து நின்றது. எனக்கே என் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா என்றார் அவர். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றும் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். உண்மையாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்து இரக்கத்தில் சொன்னாரா என்று தெரியாது. நீ உண்மை என்றே எடுத்துக்கொள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொன்னார். தகப்பனுக்கு இது வந்திருப்பதால் மகனும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது, சாப்பாட்டில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் தள்ளிப்போடக்கூடாது என்று. இதை உன்னிடம் சொல்ல எத்தனை முறை வாயெடுத்தேன், ஒவ்வொரு முறையும் நீ எழுந்து போனாய்.

இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் அமைதியாக இருந்த வாரம். ஒரு சாயங்காலம் எலுமிச்சை இலை போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அத்தை எழுந்தாள், அவர் கையை அசைத்து உட்காரச் சொன்னார். நான் கொண்டுவந்தேன். நீ கதவோரம் நின்றாய். உன்னைப் பார்த்துக்கொண்டே அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தேன். அப்பா உன்னைக் கூப்பிட்டு, "சங்கரு, நீயும் ஒரு வாய் குடில" என்றார். அவர் குரலே சரியாக எழும்பவில்லை. நீ "வேண்டாம்ப்பா" என்றாய். அவர் மறுபடியும் கேட்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியில் எடுத்து ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

நீ என்னை நம்ப வேண்டும் என்று இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, அதைக் கேட்டு வாங்க முடியாது என்று தெரிகிறது. வேறு சிலவற்றைக் கேட்கிறேன். அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் போய் வயிற்றைக் காட்டு. இதை மட்டும் எனக்காக வேண்டாம், அப்பாவுக்காகச் செய். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவள் அடுப்படியில் நிற்கும்போது அவள் கையை யாரும் வேவு பார்க்க விடாதே. அவள் ஊற்றிக் கொடுத்தால் முதல் மடக்கை நீ குடி. குளிருக்கு இதமாக ஏதாவது வேண்டுமென்றால் நீயே கடையில் இலை வாங்கி நீயே போட்டுக்கொள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போடு, மூடி வை, அவசரப்படாதே. நீயாகப் போட்டதில் உனக்குப் பயம் இருக்காது. யாராவது கூட இருந்தால் பேசு, தனியாக இருந்தால் சும்மா உட்கார். அது போதும்.

போன வாரம் அத்தை போன் செய்தாள். நான் இருக்கிற வீட்டில் நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாயாம். தீபாவளிக்கும் வரமாட்டாயாம், தலைத்திவசத்தைக்கூட அவள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றாயாம். அவர் கட்டிய வீடு இது, சங்கர். அவர் பிள்ளை இங்கே வராமல், அவருக்குப் பக்கத்துத் தெருவில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் நான் பனவடலிசத்திரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கேயிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ் இருக்கிறது. தப்பை ஒத்துக்கொண்டு போகிறாள் என்று அத்தை சொல்வாள். சொல்லட்டும். நான் ஒன்றும் வைக்கவில்லை. அதை இங்கே எல்லோரும் படிக்க எழுதியாயிற்று.

சாவி எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் இருக்கிறது. வண்டியை அவர் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைக்கிறார். அடுப்படியைக் கழுவிவிட்டேன். ஒரு இலை, ஒரு தூள்கூட வீட்டில் இல்லை. உப்பு, மிளகாய்ப்பொடி வரைக்கும் கொட்டிவிட்டேன், எல்லாம் நீ புதிதாக வாங்கிக்கொள். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அப்பா படம் கூடத்தில் இருக்கிறது, வந்ததும் விளக்கேற்று.

பயப்படாமல் வீட்டுக்கு வா. நான் அங்கே இருக்கமாட்டேன்.

சித்தி